இடது கைச் சுவர்

வரைவாளரின் சமையலறையில், வெங்காயக் கூடை இருந்த மூலையில், ஒரு திங்கட்கிழமை காலை கீழே இறங்கும் படிகள் இருபத்திரண்டு இருந்தன. கூடை முதல் படியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து மேடைமேல் வைத்து, டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகுதான் அவர் படிகளை எண்ணினார். சந்தேகமே இல்லை, முந்தின நாள் மத்தியானம் கிராஃப் நோட்டில் அவரே வரைந்த படிகள்தான். பதினேழாவது கோட்டில் பென்சில் முனை உடைந்து ஒரு சின்ன கோணல் விழுந்திருந்தது. பதினேழாவது கல்லிலும் அந்தக் கோணல் இருந்தது. மூன்று தெரு தள்ளிக் குடியிருந்த தங்கைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுவர்ல ஓதம் ஏறப் போகுதுண்ணா, பாத்துக்கோ" என்றாள்.

வரைவாளர் ஒரு கட்டட அலுவலகத்தில் வாரத்தில் ஆறு நாள் வரைபடம் போடுகிறவர். தீப்பிடித்தால் ஜனங்கள் வெளியேறும் வழியை வரைவதில் அவரை மிஞ்ச அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. ஆறு நாளும் வெளியே போகும் வழியையே வரைந்து அலுத்துப்போனதாலோ என்னவோ, ஏழாவது நாள் உள்ளே போனால் வர முடியாத வழிகளை வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேர் அவர் வீட்டு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அவர் கிராஃப் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, இப்போது உங்கள் முன்னால் ஒரு கதவு, அதன் கீழே ஈரம் என்பார். நான்கு பேரும் ஆளுக்கொரு கற்பனை ஆளாக மாறி, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அவர்கள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: இடம் என்ன செய்கிறது என்று சொல்வது வரைந்தவர் வேலை, ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வது ஆடுகிறவர் வேலை, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் காலை வைக்கக் கூடாது. கல்யாணம் ஆனவர்கள்கூட இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை.

ஆடிய நான்கு பேருக்கும் நான்கு பழக்கம். பல் டாக்டர் எந்தக் கதவைப் பார்த்தாலும் காதை வைத்துக் கேட்பார். திறந்து கிடக்கிற கதவாக இருந்தாலும் கேட்பார். மருந்துக்கடைக்காரர் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துக்கொள்வார்; பெட்டியில் இருப்பதை எடுத்த பிறகு பெட்டியை எடுப்பார், பிறகு கதவின் கீலைக் கழற்றுவார், காவலாளி செத்துக் கிடந்தால் அவன் சட்டையை உருவி மாட்டிக்கொண்டு அடுத்த காவலாளியிடம் "என்னப்பா, எல்லாம் சௌக்கியமா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவார். பஸ் டிரைவர் கதவை உதைப்பார், அவ்வளவுதான். நான்காவது ஆள் தங்கை. அவள் உள்ளே நுழைந்ததும் இடது கையைச் சுவரில் வைப்பாள், கடைசிவரை எடுக்கமாட்டாள். வழி எங்கே பிரிந்தாலும் இடது பக்கம். வலது பக்கம் வெளிச்சம் தெரிந்தாலும், தங்கம் மின்னினாலும், டிரைவர் அங்கிருந்து காப்பாத்துங்க என்று கத்தினாலும் இடது பக்கம்தான். மேஜையில் மட்டும் இல்லை, நிஜத்திலும் அவள் அப்படித்தான் நடந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள், அந்த இடத்தின் நீள வராந்தாவில் சுவரைத் தடவிக்கொண்டேதான் போவாள். இடது உள்ளங்கையில் எப்போதும் தூசி இருக்கும். சோம்பேறித்தனம், யோசிக்கப் பயந்துகொண்டு சுவரைப் பிடித்துக்கொள்கிறாள் என்பது அண்ணன் கண்டுபிடித்து வைத்திருந்த விளக்கம்.

படிகள் வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆடிய பகுதி திங்கட்கிழமை விடிவதற்குள் வீட்டுக்குக் கீழே எழும்பிவிடும். நோட்டில் வரைந்திருந்த பூதங்கள் எழும்பவில்லை, அறைகளும் பொறிகளும் மட்டும்தான். ஆட்டத்தில் ஒருமுறை தாண்டிவிட்ட பொறி கீழே செயலிழந்து கிடக்கும். ஆடிவிட்ட இடத்தை ரப்பரால் அழித்து மாற்றினால் நோட்டில் மாறும், கீழே மாறாது. நகராட்சியில் இருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்து, அனுமதி பெறாத கட்டுமானம் என்று நோட்டீஸ் ஒட்டினார். மேலே கட்டினால்தான் இடிக்கச் சட்டம் இருக்கிறது, கீழே போனதற்கு இல்லை என்று பிறகு தெரிந்தது, நோட்டீஸ் மழையில் நனைந்து விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டார் முதல் அறையில் பழைய சைக்கிள், உடைந்த கட்டில் எல்லாம் போட்டு வைத்தார்கள். இதில் ஒரே ஒரு மனக்குறை. கண்ணுக்கு இருபத்திரண்டும் தெரிந்தாலும், வரைந்தவரின் காலுக்கு மட்டும் அந்தப் படிகள் மூன்றுதான். மூன்றாவது படிக்குக் கீழே அவர் காலுக்குக் கெட்டி மண் தட்டுப்படும், மற்றவர்கள் அவர் தோளை உரசிக்கொண்டு அதே மண்ணுக்குள் இறங்கிப் போவார்கள். அவர் மூன்றாவது படியில் உட்கார்ந்து, அவர்கள் திரும்பி வந்ததும், எப்படி இருக்கிறது, தூண்கள் உயரமாகத் தெரிகிறதா, எதிரொலி வருகிறதா என்று விசாரிப்பார். தங்கைதான் பொறுமையாகச் சொல்வாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீயும் வந்து பாத்திருக்கணும்ண்ணா" என்று முடிப்பாள். அந்த வார்த்தை அவருக்கு ஒவ்வொரு தடவையும் வலித்தது.

வரைகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் நடுவில் நாளாவட்டத்தில் ஒரு பகை வளரும். ராப்பகலாக யோசித்துக் கட்டிய மண்டபத்தை ஒருவன் எட்டிப் பார்க்காமலே போகும்போது வரைந்தவனுக்கு வயிறு எரியும். அவர் வலது பக்கம் வைத்த அற்புதங்களை எல்லாம் தங்கை ஐந்து வருஷமாகப் பார்க்கவில்லை. பாடுகிற கிணறு ஒன்றை வலது பக்கத்தில்தான் வைத்திருந்தார். இன்றைக்கும் அது கேட்க ஆளில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறது. கடைசியில், இவர்களுடைய பழக்கத்தை உடைக்கிறேன் பார் என்று அலுவலகத்தில் மூன்று நாள் லீவு போட்டு ஒரு நிலவறை வரைந்தார். அவர் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதில் பூதம் இல்லை, பொக்கிஷம் இல்லை, பொறிகூட ஒன்றுதான். படிகள் இறங்கி முடிந்ததும் பின்னால் சுவர் மூடிக்கொள்ளும். அது கதவு இல்லை, ஆகவே மருந்துக்கடைக்காரர் கழற்றக் கீல் இல்லை, டிரைவர் உதைக்கப் பலகை இல்லை. மூடும்போது சத்தம் வராது, ஆகவே டாக்டரின் காதுக்கும் வேலை இல்லை. இறங்கியவர்கள் நிற்பது ஒரு பெரிய சதுரத் தூணை ஒட்டி. ஒரு பக்கம் ஐம்பதடி. தூணைச் சுற்றிப் பத்தடி அகலத்தில் வழி. வெளியேறும் வாசல் எதிர்ச் சுவரில், திறந்தே, கண்ணெதிரே. வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டு விடும். உள்ளிருந்து வருகிறவருக்கு மட்டும்தான் அது வழி, வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மதில். இடது கையைத் தூணில் வைத்து நடக்கிறவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கையை எடுத்துப் பத்தடி நடந்தால் வெளியே வந்துவிடலாம்.

அந்த ஞாயிறு ஆட்டம் தொடங்கிய கால் மணியில் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். தங்கை சுற்றினாள். வாசல் எதிரே தெரிகிறது என்று அவர் சொன்னார். பார்க்கிறேன், நடக்கிறேன் என்று அவள் சொன்னாள். மூன்று மணி நேரம் அப்படியே போனது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள், பிறகு டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார், டாக்டர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"ஏம்மா, ஒரு தடவை கையை எடுத்தாத்தான் என்ன குறைஞ்சா போயிடும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எடுக்க மாட்டேன்."

"ஏன்?" என்று அவர் கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. வரைவாளர் நோட்டை மூடினார். "சரி, அப்ப சுத்திக்கிட்டே கிட" என்றார். இடம் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டியவர், ஆள் என்ன செய்கிறாள் என்பதையும் அன்றைக்குச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனைக் கூடத்தில் அரை நாள் லீவு. தங்கை தன்னிடம் இருந்த சாவியைப் போட்டு வீட்டைத் திறந்து, செருப்பைச் சமையலறை வாசலில் விட்டுவிட்டு, புதிதாக எழும்பியதைப் பார்க்கக் கீழே போனாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த அண்ணன் செருப்பைப் பார்த்தார், கூப்பிட்டார், மூன்றாவது படி வரை போய் மண்ணைத் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே சமையலறைத் தரைக்குக் கீழே காலடிச் சத்தம் மெதுவாக வந்து, மேடைக்கு நேர் கீழாகக் கடந்து, போனது. கூடவே, கரடுத் துணியை இழுப்பது போல, சுவரில் கை உரசும் சத்தம். நாலு நிமிஷம் கழித்து அது மறுபடி வந்தது.

மறுநாளே மூன்று பேரும் இறங்கினார்கள். அவளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, எதிரே நடந்து வந்தாள். பசி இல்லை, அசதி இல்லை, முகத்தில் பயமும் இல்லை. லேப்புக்கு லீவு சொல்லிவிடுங்கள் என்றாள். டாக்டர் கூடவே நடந்துகொண்டு, வாசல் இதோ என்று காட்டினார். தெரியும் என்றாள். டிரைவர் அவர் குணத்துக்கு அவளைப் பிடித்து இழுத்தே பார்த்தார், உள்ளங்கை கல்லோடு கல்லாக இருந்தது. "வலிக்குதுண்ணே, விடுங்க" என்றாள். அவர் விட்டுவிட்டுத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அப்போதுதான் கேட்டார்கள். அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள்.

"அண்ணன்தானே சொன்னான், கையை எடுக்கக் கூடாதுன்னு. அவன் வந்து எடுக்கச் சொன்னா எடுக்கறேன்."

கொல்லை வழியாக வந்த மூவரும் இதை வரைவாளரிடம் சொன்னபோது, நான் எப்போது சொன்னேன் என்று அவர் கோபித்துக்கொண்டார். கோபம் பாதியில் நின்றது. துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பதினோரு வயது, அவளுக்கு ஆறு. அம்மாவைச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரி. அடித்தளத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் வராந்தாக்கள். அவள் வலது கையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. டாக்டர் கூப்பிடுகிறார் என்று ஒரு நர்ஸ் வந்து சொல்ல, மேலே ஓடும் அவசரத்தில் அவர் தங்கையின் காலியாக இருந்த இடது கையைச் சுவரில் வைத்து அழுத்தி, கையை எடுக்காதே, நடந்துகிட்டே இரு, யார் கூப்பிட்டாலும் போகாதே, நானே வந்து எடுக்கச் சொன்னால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே அம்மா போய்விட்டிருந்தாள். அழுகை, கையெழுத்து, வண்டி பிடிப்பது, சொந்தக்காரர்கள் என்று ஓடியதில் தங்கையை யாரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. ஐந்து மணி நேரம் கழித்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது பிளாஸ்க்கைத் தேடினார்கள், அப்போதுதான் அவருக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது. அடித்தளத்தில் எதிர்ப் பக்கமாக ஓடி அவளை முகத்துக்கு முகம் பார்த்தார். அவள் நடந்துகொண்டிருந்தாள். பிளாஸ்க் கையில் இருந்தது, இடது உள்ளங்கை கரியாக இருந்தது. வந்துட்டேன், கையை எடு என்றார். எடுத்தாள். அந்த நாளில் நினைவு வைத்துக்கொள்ள அம்மாவே போதும் என்று இருந்துவிட்டதால், சுவரை அவர் மறந்துபோனார். அவள் மறக்கவில்லை. ஒருமுறை பலித்த வழியை யார்தான் விடுவார்கள்.

முதல் வருஷம் அவர் வரைந்து தள்ளினார். தூணில் வாசல் வரைந்தார், தூணையே அழித்தார், நோட்டுத் தாள் கிழிந்ததே தவிர கீழே ஒரு கல் அசையவில்லை. மூவர் வழியாகச் சொல்லி அனுப்பினார். அவனே வரட்டும் என்றாள். கைப்பட எழுதிய கடிதத்தைக் கொடுத்தார்கள்; நடந்துகொண்டே வலது கையில் வாங்கிப் படித்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது, அவனை வரச் சொல்லுங்கள் என்றாள். அதன் பிறகுதான், ஆடிப் பழகிய மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தப்பைச் செய்தார்கள். மேஜையில் எத்தனையோ காவலாளிகளை வேஷம் போட்டு ஏய்த்தவர் மருந்துக்கடைக்காரர். வரைவாளரின் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே கனைத்துப் பழகி, கீழே இறங்கினார். சட்டையை எடுத்துக் கொடுத்து, கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டவர் வரைவாளர்தான். "வந்துட்டேன், கையை எடு" என்றார் மருந்துக்கடைக்காரர். தங்கை நின்றாள். அவள் நின்றது அந்த ஒரு தடவைதான். விரல்கள் சுவரிலிருந்து ஒரு நூல் அளவு எழும்பியதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், விரல்களை மறுபடி பதித்தாள், நடந்தாள். அதிலிருந்து யார் வந்து எதைச் சொன்னாலும் அவள் நம்பவில்லை.

இனி வரைவாளரே போனால்தான் உண்டு; வரைந்தவர் போக முடியாது; ஆகவே அவர் வரைந்தவராக இருக்கக் கூடாது. இந்த யோசனையைச் சொன்னவர் டிரைவர். அவர் வாழ்க்கையில் படம் என்று ஒன்றும் வரைந்ததில்லை. புது கிராஃப் நோட்டு ஒன்று வாங்கி வந்து, நடுப்பக்கத்தில் அந்தத் தூணையும் சுற்று வழியையும் தன் கோணல் கையால் அப்படியே வரைந்தார். அன்றிலிருந்து அந்தச் சுற்று அவருடையதாயிற்று. மறுநாள் டிரைவர் இறங்கப் போனபோது மூன்றாவது படியில் மண் இருந்தது. தங்கைச்சியை இனிப் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் வரைந்தேன் என்றார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பழைய படிகள் வரைவாளருக்கு இன்னும் மூன்றுதான் என்பதால், சமையலறையின் இன்னொரு மூலையில் இருந்து அந்தச் சுற்றுக்கு நேராக ஒரு வழி போட்டு, வரைவாளரை மேஜையின் இந்தப் பக்கம் உட்கார வைத்து ஆடினார்கள். கீழே ஒன்றும் எழும்பவில்லை. ஆபத்தில்லாத வரைபடம் வெறும் காகிதமாகவே இருந்துவிடும் என்று அப்போது தெரிந்துகொண்டார்கள். ஆகவே டிரைவர் உட்கார்ந்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தன் சிநேகிதரைக் கொல்லக்கூடிய நிலவறை ஒன்றை வரைந்தார். எல்லா வழியும் பஸ் திரும்பும் அளவு அகலமாக இருந்ததைத் தவிர அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அன்றுதான் வரைவாளரும் ஒரு ஆட்டக்காரர், அவருக்கும் ஒரு பழக்கம் உண்டு என்பது வெளியே வந்தது. முந்நூறு பொறி வரைந்த மனிதரால் ஒரு கதவைத் திறக்க முடியவில்லை. எந்தக் கதவுக்குப் பின்னாலும் தான் இருந்தால் என்ன வைத்திருப்போம் என்று அவருக்குத் தெரியும்; அதுதான் தொல்லை. கதவின் மரம் என்ன, கைப்பிடி எந்தப் பக்கம், கீழே ஈரமா, ஈரம் என்றால் தண்ணீரா என்று நாற்பது கேள்வி கேட்டுவிட்டு, திறக்கவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். ஒரு ஞாயிறுக்கு ஒரு அறை, சில ஞாயிறுகளில் ஒரு அடி. நாலாவது வருஷம், அறுபத்தோராவது அறையில், எல்லாக் கல்லையும் கோலால் தட்டிப் பார்த்தவர் தலைக்கு மேலே பார்க்கவில்லை. கூரை இறங்கியது, பகடை இரண்டு காட்டியது. ஆட்டத்தில் செத்தவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் தெரிந்துவிட்ட அறைகளுக்குப் பதில் டிரைவர் வேறு வரைய வேண்டும். டிரைவர் அழுதார், ஆனால் பகடையைத் திருப்பி வைக்கவில்லை. திருப்பி வைத்தால் கீழே எழும்பாது. ஒன்பதாவது வருஷம் இன்னொரு தடவை செத்தார், அப்போது யாரும் அழவில்லை.

இடையில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் பழைய படிகள் வழியாக இறங்கி அவளைப் பார்த்து வந்தார்கள். அவளுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. வார்த்தைகள்தான் குறைந்துகொண்டே வந்தன. முதலில் லேப்பைப் பற்றி விசாரிப்பதை விட்டாள். பிறகு அவர்கள் இருவரையும் மறந்தாள், வாங்க என்று சொல்லும் மரியாதை மட்டும் இருந்தது. வலது கையை வைத்துக்கொள்ளும் விதம் மாறிவிட்டதை ஒருமுறை டாக்டர் கவனித்தார். எதையோ தூக்கிப் பிடித்திருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன, சுடுகிறது போல அவ்வப்போது பிடியை மாற்றினாள். இதை வரைவாளரிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பதினொன்றாவது வருஷம் மருந்துக்கடைக்காரர் காலமானார். கடையின் பின்னறையில் நானூறு ஜோடி கீல்கள் கிடைத்தன, எந்தக் கதவுக்கு எது என்று ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.

பதினான்காவது வருஷம், மேகம் மூடிய ஒரு ஞாயிறு மத்தியானம், வரைவாளர் ஒரு கதவை ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. வயசாகிவிட்டது, கேட்டு அலுத்துவிட்டது என்றார். பகடை பத்தொன்பது காட்டியது. டிரைவர் நோட்டைப் பார்த்தார். பிறகு, பத்தடி அகலத்தில் ஒரு வழி, எதிரே பெரிய சதுரத் தூண், யாரோ நடந்து வரும் சத்தம் என்றார். அதோடு நோட்டை மூடிவிட்டார். அதற்கு மேல் சொல்வது அவர் வேலை இல்லை.

மறுநாள் காலை வரைவாளர் முகம் மழித்துக்கொண்டார், அந்தக் கோடு போட்ட சட்டையைத் தேடி எடுத்தார், இப்போது அது தோளில் தொளதொள என்று நின்றது. ஆபீசில் சொல்லவில்லை. புதுப் படிகளில் மூன்றாவது படி வந்ததும் நின்று, காலால் துழாவினார். நாலாவது படி இருந்தது. மேலே சமையலறையில் டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றார். டாக்டர் தரையில் படுத்து, முழங்காலைப் பற்றி முனகிக்கொண்டே, கல்லில் காதை வைத்தார். இத்தனை வருஷம் எத்தனையோ கதவுகளில் வைத்த காது, அன்றைக்குத்தான் அதற்கு உபயோகம் வந்தது. கீழே நடந்ததில் நமக்குத் தெரிந்தது எல்லாம் அவர் கேட்டதுதான்.

வரைவாளர் நாலு மணி நேரம் நடந்து, செத்துப்போன பொறிகளைத் தாண்டி, அகலமான வழிகளைக் கடந்து, சுற்று வழிக்கு வந்தார். பின்னால் போகவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் செய்தது போலவே எதிர்ப் பக்கமாக நடந்தார். காலடிகள் நெருங்கின, அவருடையது மட்டும் நின்றது. அவர் குரல் கேட்டது.

"வந்துட்டேன்மா. கையை எடு."

கை உரசும் சத்தம் நிற்கவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போக, அவர் திரும்பிக் கூடவே நடந்தார். அம்மாவின் பெயரைச் சொன்னார், பிளாஸ்க்கின் நிறத்தைச் சொன்னார், மறந்தது தன் தப்புத்தான், எல்லாம் தன் தப்புத்தான் என்று ஒரு சுற்று முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். சமையலறை மேடைக்கு நேர் கீழே வரும்போது பேசினாள். சின்னக் குரல் என்றார் டாக்டர். அவள் கீழே போனபோது இருந்த முப்பத்தெட்டு வயதுக் குரல் இல்லை.

"அழாதீங்க பெரியவரே. வழி தெரியலையா? இந்தாங்க, கையை இப்படிச் சுவத்துல வெச்சுக்குங்க. எடுக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. எங்கண்ணன் மேல போயிருக்கான், இப்ப வந்துடுவான். பதினோரு வயசு, நீலச் சட்டை போட்டிருப்பான். உங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

அவள் கை உரசும் சத்தம் மட்டும் மேலே நகர்ந்துகொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் வாசல் திறந்திருந்தது, அவர் வரைந்த வாசல், அவருக்கும் அது தெரியும். பிறகு டாக்டர் காதை இன்னும் அழுத்தி வைத்தார். சுவரில் இன்னொரு கை உரசும் சத்தம், முதலாவதை விடக் கொஞ்சம் கரடாக, அதற்குப் பின்னாலேயே தொடங்கியது.

வீடு இப்போது ஒரு கண்ணாடிக் கடைக்காரர் குடும்பத்துக்கு வாடகைக்குப் போயிருக்கிறது. குடிவந்த முதல் வாரம் அந்த அம்மாள் சத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். டிரைவர் வந்து, கீழே ஒரு அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள், தொந்தரவு ஒன்றும் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். தொந்தரவு ஒன்றும் இல்லைதான். நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டு பேர் மேடைக்குக் கீழாகக் கடந்து போகிறார்கள். முட்டை வேகவைக்க அந்த அம்மாள் கடிகாரம் பார்ப்பதில்லை, மூன்று சுற்று விட்டு அடுப்பை அணைக்கிறார்கள்.